கெக்கில் ஜிஞ்சர் பியர்: குழாயையும் பொருத்துகளையும் பூட்டுவது எப்படி

கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியில் முதல் கெக்கை, அதாவது பானத்தைக் காஸ் அழுத்தத்தோடு அடைத்து வைக்கிற உருக்குப் பாத்திரத்தை, பூட்டிய அன்று வந்த ஆட்களுக்கெல்லாம் நுரைதான் கொடுத்தேன். கிளாஸின் அடியில் ஒரு விரல் அளவு ஜிஞ்சர் பியர், அதற்கு மேலே விளிம்பு வரைக்கும் நுரை. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மருமகன், சவர்க்காரத் தண்ணியா ஊத்துறீங்க?" என்று கேட்டார். இஞ்சியில் பிழை இல்லை, சீனியிலும் பிழை இல்லை. கெக்கிலிருந்து டப் (பானத்தைத் திறந்து ஊற்றுகிற வாய்) வரைக்கும் நான் போட்ட குழாய் வெறும் மூன்று அடி. அவ்வளவுதான் பிழை.

ஏன் ஜிஞ்சர் பியர், ஏன் பியர் இல்லை என்று கேட்பீர்கள். ஜிஞ்சர் பியர் மதுபானம் இல்லை. இங்கே இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். மெல்பேர்னில் இருக்கிற மச்சான் வீட்டிலேயே பியர் காய்ச்சி இதே மாதிரிக் கெக்கில்தான் அடைக்கிறான். சாமான் ஒன்றுதான், அழுத்தமும் குழாயின் நீளமும்தான் வேறு. அங்கே இருந்து வாசிக்கிறவர்களுக்காக அவனுடைய கணக்கையும் சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

19 லீற்றர் கொள்ளும் கோர்னி கெக் ஒன்று. துருப்பிடிக்காத உருக்கில் செய்தது. இது சோடாக் கம்பனிகளுக்காகவே வந்த பாத்திரம், பியர்க்காரர் பிற்பாடுதான் பிடித்துக்கொண்டார்கள். பெப்சிப் பக்கம் வந்தது பந்துப் பூட்டு வகை, கொக்கா-கோலாப் பக்கம் வந்தது ஊசிப் பூட்டு வகை. ஒன்றின் இணைப்பி (குழாயைக் கெக்கின் முனையில் மாட்டுகிற துண்டு) மற்றதற்குச் சேராது. புதிதாக வாங்குவதென்றால் பந்துப் பூட்டையே வாங்குங்கள், உதிரிப்பாகம் தேடுவது சுலபம். வாங்குமுன் பிறிட்ஜின் உள் உயரத்தை அளந்து பாருங்கள். கெக் மட்டும் 65 சென்ரிமீற்றர் அளவு வரும், மேலே இணைப்பி நிற்கவும் இடம் வேண்டும்.

அப்புறம் காபனீரொட்சைட்டு சிலிண்டர், காஸ் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிற ரெகுலேற்றர் (அதில் இரண்டு மானி இருக்க வேண்டும்: ஒன்று சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்ட, மற்றது கெக்குக்குப் போகும் அழுத்தத்தைக் காட்ட), காஸ் குழாய், பானக் குழாய், சாம்பல் நிற இணைப்பி ஒன்று, கறுப்பு இணைப்பி ஒன்று, கையால் அமத்துகிற பிளாஸ்ரிக் டப், ஹோஸ் கிளிப் நாலைந்து. சிலிண்டர் வாயின் புரி நாட்டுக்கு நாடு வேறுபடும். ரெகுலேற்றரைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்துவிட்டே சல்லியைக் கொடுங்கள். காஸ் உணவுக்குப் பாவிக்கிற தரமா என்றும் கேளுங்கள். வெல்டிங் கடைக் காஸ் இதற்கு வேண்டாம்.

எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: கிளிப்பும் நட்டும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மலிவுக் கிளிப் உப்புக்காற்றில் சீக்கிரமே சிவந்து, பிறகு ஸ்பனருக்கும் அசையாது.

எது காஸ், எது பானம்

கெக்கின் தலையில் இரண்டு முனைகள் இருக்கும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் அளவில் மயிரிழை வித்தியாசம் உண்டு. அடிப்பக்க அறுகோணத்தில் சின்ன வெட்டு விழுந்திருப்பது காஸ் முனை, வெட்டில்லாதது பான முனை. சாம்பல் இணைப்பி காஸுக்கு, கறுப்பு பானத்துக்கு. மாற்றிப் போட்டு ஓங்கி அமத்தினால் அது போய் உட்கார்ந்துகொள்ளும், கழற்றுவதுதான் பாடு. ஒருமுறை அப்படி மாட்டி, அரை மணித்தியாலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். மெல்ல அமத்தி 'டக்' என்று பூட்டவில்லையென்றால், அது பிழையான முனை.

இரண்டு முனைகளையும் கழற்றி உள்ளே ஒருதரம் பாருங்கள். காஸ் பக்கத்துக் குழல் விரல் நீளம்கூட இராது. பானப் பக்கத்துக் குழல் அடிவரை போகும். ஓ-ரிங்குகளை (கசிவை அடைக்கிற றப்பர் வளையங்கள்) எடுத்துக் கழுவி, உணவுக்கு உகந்த சிலிக்கோன் கிறீஸ் துளி தடவிப் போடுங்கள். வாசலின் தடவினால் சில றப்பர் ஊதிப் பழுதாகலாம்.

குழாயைப் பூட்டுதல்

இனி வேலை. குழாயின் முனையைப் புதிய பிளேட்டால் நேராக வெட்டுங்கள், கத்தரிக்கோலால் வெட்டினால் வாய் நசிந்து போகும். பானக் குழாயின் உள்விட்டம் 3/16 அங்குலம், அதாவது 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இணைப்பியின் வரிவரியான பல்முனையோ அதைவிடத் தடிப்பாக நிற்கும், வெறும் கையால் தள்ளினால் ஏறாது. கோப்பையில் சுடுதண்ணீர் எடுத்து முனையை அரை நிமிடம் அமிழ்த்துங்கள். இளகியதும் சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள், கடைசிப் பல்லையும் விழுங்கும் வரை. கிளிப்பைக் குழாயில் முன்கூட்டியே கோத்துவிடுங்கள், மறந்தால் திரும்பக் கழற்ற வேண்டிவரும். கிளிப்பை இறுக்கும்போது குழாய் லேசாக அமுங்கினால் போதும்.

உங்கள் இணைப்பி நட்டுப் பூட்டும் வகையென்றால் கூம்புக்கும் நட்டுக்கும் நடுவே சின்ன நைலோன் வாஷர் ஒன்று வரும். அதில் வெள்ளை சீல் டேப் சுற்றாதீர்கள். அங்கே கசிவை அடைப்பது புரி இல்லை, கூம்பும் வாஷரும்தான்.

காஸ் பக்கம் இலகு. ரெகுலேற்றரிலிருந்து சாம்பல் இணைப்பிக்கு நாலைந்து அடி, இரு பக்கமும் கிளிப். நடுவில் ஒருவழி வால்வு ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் ஜிஞ்சர் பியர் பின்னால் ஏறி ரெகுலேற்றருக்குள் போய் ஒட்டும்.

நீளம்

நுரை வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. கெக்குக்குள் காஸ் பானத்தில் கரைந்திருப்பது அழுத்தத்தால். டப்பில் அந்த அழுத்தம் ஒரே அடியாக விழுந்தால் காஸ் முழுவதும் கிளம்பி நுரையாகிவிடும். ஒடுக்கமான நீளக் குழாயில் சுவரோடு உரசி உரசி அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, பானம் அமைதியாக வந்து விழுகிறது. குழாய் 1/4 அங்குலமாக அகன்றால் அந்த உரசல் ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். அதனால் அகலக் குழாய் வாங்காதீர்கள்.

கைக்கணக்கு: ஒரு பிஎஸ்ஐக்கு (மானியில் காட்டுகிற அழுத்த அலகு) ஓர் அடி குழாய். மச்சானுடைய பியர் 4 பாகைக் குளிரில் 12 பிஎஸ்ஐயில் நிற்கிறது, அவனுக்கு 10 முதல் 12 அடி. ஜிஞ்சர் பியருக்கு நாக்கில் சுள்ளென்று ஏற வேண்டும், அதே குளிரில் 28 முதல் 30 பிஎஸ்ஐ வேண்டும். ஆக 25 முதல் 30 அடி. கடையில் கேட்டால் "இவ்வளவு எதுக்கு?" என்பார்கள், கேட்டதை வாங்கி வாருங்கள். வளையமாகச் சுருட்டிக் கெக்கின் தலையில் வைத்து நாடாவால் கட்டிவிடலாம். மெதுவாக ஊற்றுவதாகப் பட்டால் ஒவ்வோர் அடியாக வெட்டுங்கள்.

குழாய், டப் எல்லாம் பிறிட்ஜுக்குள்ளேயே இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே கிடக்கிற குழாய் வெந்நீர்க் குழாய் மாதிரி. குளிர்ந்த பானம் அதில் பட்டதும் நுரைக்கும். கரண்ட் போய் வந்த நாட்களிலும் முதல் இரண்டு கிளாஸ் அப்படித்தான், பிறிட்ஜ் திரும்பக் குளிரும் வரை பொறுங்கள்.

கசிவு பார்த்தல்

இதை வெறும் கெக்கில் செய்யுங்கள். பானம் இருந்தால் அது காஸை உறிஞ்ச, மானி இறங்கி உங்களைக் குழப்பும். ரெகுலேற்றர் திருகைத் தளர்த்திவிட்டு சிலிண்டரைத் திறங்கள், பிறகு மெல்ல மெல்ல 30 பிஎஸ்ஐக்கு ஏற்றுங்கள். மூடி 'தப்' என்று மேலே ஏறி உட்காரும். சவர்க்காரத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து மூடி விளிம்பு, இரண்டு முனைகள், ஒவ்வொரு கிளிப் என்று தடவுங்கள். சவர்க்கார முட்டை விட்டால் அங்கே கசிகிறது. சிலிண்டரைப் பூட்டி இரவு முழுக்க விட்டு, விடிய மானியைப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் படுத்து, ஒரு தளர்ந்த கிளிப்பால் முழுச் சிலிண்டரையும் ஒரே இரவில் காலி செய்தவன் நான்.

உயரழுத்த மானியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிலிண்டர் 30 பாகையில் நிற்கும்போது 1000 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும், பிறிட்ஜுக்குள் வைத்தால் 560 அளவுக்கு இறங்கும். அது கசிவு இல்லை, குளிர். உள்ளே திரவம் இருக்கும் வரை அந்த மானி எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது, சிலிண்டரை நிறுத்துப் பார்ப்பதுதான் வழி. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே கட்டி வையுங்கள். பூட்டிய சின்ன அறையில் வைக்காதீர்கள், இந்தக் காஸ் நிலத்தோடு தங்கி மூச்சை அடைக்கும்.

நிரப்புதல்

இஞ்சிச் சாற்றை மல்துணியில் இரண்டுதரம் வடியுங்கள். ஒரு தும்பு போனாலும் பான முனையின் வால்வில் சிக்கி, டப் நின்றுவிடும். தேசிக்காய்ப் புளியிலும் சின்னச் சின்னச் சதை இருக்கும், அதையும் விடாதீர்கள். மூடியைப் பூட்டி, காஸ் கொடுத்து, மூடியிலுள்ள வளையத்தை மூன்று நாலு தரம் இழுத்து உள்ளே நின்ற காற்றை வெளியேற்றுங்கள். பிறகு 4 பாகையில், 30 பிஎஸ்ஐயில் ஒரு கிழமை. அவசரம் என்று குலுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அது சரிவரவில்லை.

ஊற்றும்போது டப்பை முழுவதாக அமத்துங்கள். பாதி அமத்தினால் வாயிலேயே நுரைக்கும்.

கெக் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பிக் குழாய் வழியே தள்ளிக் கழுவுங்கள். இஞ்சி வாசம் குழாயிலும் ஓ-ரிங்கிலும் ஊறிவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுவதாகப் போகாது. அதனால் ஜிஞ்சர் பியருக்கென்று ஒரு குழாயை ஒதுக்கிவிட்டேன், வெறும் சோடாவுக்கு வேறு. டப்பின் மூக்கை ஒவ்வொரு இரவும் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் விடியற்காலை எறும்பு வரிசை பிறிட்ஜ் கதவு வரைக்கும் வந்து நிற்கும். "மறுகா துடைக்கலாம்" என்று நான் விட்ட இரவுகளில் மாமிதான் துடைத்திருக்கிறார்.