காரின் குதிரைத்திறனைச் சாலையில் கணக்கிட்ட என் அனுபவம்

67 குதிரைத்திறன் எனக் குறிக்கப்பட்ட என் பழைய பெட்ரோல் கார், முதல் கணக்கில் வெறும் 36 என்று காட்டியபோது எஞ்சின் தேய்ந்துவிட்டதோ என்று கலங்கினேன். ஆளில்லாத நேர்ச்சாலையில், இரண்டாம் கியரில், மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 வரை செல்ல ஆகும் நேரத்தை, சரிவின் தாக்கம் நீங்கும்படி இரு திசைகளிலும் அளந்து, சராசரி 3.5 வினாடி என்று கண்டிருந்தேன். ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் வேகத்தை ஜி.பி.எஸ். கருவியில் பார்த்தேன், ஆகவே பிழை அளவீட்டில் இல்லை.

ஆவணத்திலிருந்த வண்டியின் எடையான 860 கிலோவை அப்படியே எடுத்துக்கொண்டதே முதல் தவறு. நானும் நண்பரும் அமர்ந்தபடியே வண்டியை எடை மேடையில் ஏற்றியபோது 1,000 கிலோ வந்தது. இந்த எடையை வைத்து, இயக்க ஆற்றலில் (எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு) ஏற்பட்ட மாற்றத்தை நேரத்தால் வகுத்ததும் விடை 42 ஆயிற்று.

காற்றின் தடையையும் டயர்களின் உருளல் தடையையும் விட்டுவிட்டது அடுத்த தவறு. பலரும் தடுமாறும் இடம் இதுதான். அதே சாலையில் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, வேகம் 80 இலிருந்து 60 ஆகக் குறையும் நேரத்தை அளந்தேன்: 20 வினாடி, அதாவது அதே கணக்கின்படி தடைகளை வெல்லச் செலவாவது ஏறத்தாழ 7 குதிரைத்திறன். கூட்டினால் 49.

எஞ்சிய வேறுபாட்டுக்குக் கியர்பெட்டியின் இழப்பும், சுழலும் பாகங்களை முடுக்கச் செலவாகும் ஆற்றலும், 67 என்பது எஞ்சினின் உச்ச அளவு என்பதுமே காரணம்.