புறவாசலில் கோய்க் குளம்: சித்திரை வெயிலை நினைத்துத் தோண்டுங்கள்

கோய் என்ற வண்ண அலங்கார மீன் ஜப்பானின் நீகாத்தா மலையூர்களில் உழவர்கள் வளர்த்த கெண்டையிலிருந்து வந்தது. நம் குளங்களில் வலைக்கு அகப்படும் சாதாக் கெண்டைக்குச் சொந்தம்தான். பட்டுச்சேலை உடுத்திய சொந்தம். குளிர் நாட்டுக்காரர்கள் நாலடி ஆழம் தோண்டச் சொல்வது பனிக்காக. கல்லிடைக்குறிச்சியில் என் புறவாசலில் நான் நாலடி தோண்டியது அக்கினி நட்சத்திரத்துக்காக.

"இரண்டடி போதுமேம்மா, மீன் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார் கொத்தனார். "மீன் வேகக் கூடாது அண்ணாச்சி" என்றேன். இரண்டடித் தண்ணீர் மே மாதப் பிற்பகலில் வெந்நீர்தான்.

பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடித் தண்ணீர் என்றால் 240 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 6,800 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். ஆகவே ஆறு மீன், ஏழாவதுக்கு ஆசைப்படாதீர்கள். காலை வெயில் விழுந்து, பதினொரு மணிக்கு மேல் நிழல் தட்டும் இடம் நல்லது. வேப்பமரத்தடி வேண்டாம். பங்குனியில் பூவும் இலையும் கொட்டி அடியில் அழுகும். மரம் இல்லாவிட்டால் பச்சை நிழல்வலை போதும், அழகு கொஞ்சம் குறைந்தாலும்.

அடித்தளத்தை ஒரு மூலைக்குச் சரித்து, அங்கே மூன்று அங்குலக் குழாய் வைத்து, வால்வு போட்டு வாழைப்பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். மீன் கழிவு கலந்த தண்ணீர் வாழைக்கு விருந்து. சுவரைத் தரைக்கு மேல் ஒன்றேகால் அடி எழுப்பச் சொன்னதற்கும் கொத்தனார் முணுமுணுத்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் முற்றத்துச் சாக்கடைத் தண்ணீர் அந்தச் சுவரில் மோதித்தான் நின்றது. மழைத் தண்ணீர் வழிந்தோட மேலே ஒரு குழாயும் அதன் வாயில் கம்பிவலையும் மறக்க வேண்டாம்.

இனி என் முட்டாள்தனம். பூச்சு முடிந்த பத்தாம் நாளே தண்ணீர் நிரப்பி நான்கு மீன் விட்டேன். மூன்றாம் நாள் நான்கும் மிதந்தன. தண்ணீரில் கைவிட்டு எடுத்தால் விரல்கள் சோப்புப் பட்டதுபோல வழுக்கின. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கியிருந்தது. எதிர்வீட்டு மைனி, "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று இரண்டு வாழைத்தண்டுகளோடு வந்தார். தண்டைத் துண்டு துண்டாக நறுக்கிக் குளத்தில் ஊறவிட்டு, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறைத்து, மூன்று முறை மாற்றினோம். ஆனால் வாழைத்தண்டை மட்டும் நம்பி மீன் விடாதீர்கள். சோதனைக் குப்பி வாங்கி, பிஎச், அதாவது தண்ணீரின் காரத்தைக் காட்டும் எண், 8.5-க்குக் கீழே வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

வடிகட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம் போதும். உள்ளே கீழே பஞ்சு, மேலே பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் நிறைய. குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வழியே போய்வர வேண்டும். என் அளவுக்கு மணிக்கு 3,400 லிட்டர் தள்ளும் பம்ப். அந்த நாரில் குடியேறும் நுண்ணுயிர்கள்தாம் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு மீன் மட்டும் விட்டு, அம்மோனியாவை அடிக்கடி சோதியுங்கள். நாரைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரினில் அவ்வளவு உயிரும் போய்விடும். குளத்து நீரையே வாளியில் மொண்டு அலசுங்கள்.

இப்போது வெயில். இருபது டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். முப்பது டிகிரியில் ஏழரைதான். இரவில் பாசியும் அதையே குடிக்கிறது. அதனால் ஆபத்து நண்பகலில் இல்லை, விடியலில். ஒரு சித்திரையில் இரவெல்லாம் மின்சாரம் இல்லை. நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து மீன்கள் நீர்மட்டத்தில் வரிசையாக, வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடின. மிட்டாயை விழுங்கத் தெரியாத குழந்தைகளைப் போல. ஆறாவது அடியில் சாய்ந்து கிடந்தது. வாளியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், பொழுது விடியும்வரை. ஆறும் பிழைத்தன, எனக்குத்தான் இடுப்பு போயிற்று. மறுநாளே காற்றுப் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்தேன். மின்விசிறியைவிடக் குறைவாகத்தான் இழுக்கிறது. இரவு முழுக்க ஓடட்டும்.

கோடையில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கும். ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே போனால் கடினத்தன்மை ஏறும். வாரம் பத்து சதவீதத்தை அடித்தளத்துக் குழாய் வழியே வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஒன்றிரண்டு நாள் திறந்த தொட்டியில் வைத்திருங்கள், அல்லது குளோரினை முறிக்கும் தயோசல்பேட் சேருங்கள்.

தீனி ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, காலையும் மாலையும். மின்சாரம் இல்லாத நாளில் வேண்டாம். தாமரை வைக்க ஆசைப்பட்டு நான் இறக்கிய தொட்டி மண்ணை இரண்டே நாளில் கிளறிக் கவிழ்த்துவிட்டன. கெண்டைப் புத்தி போகுமா? மீன்கொத்திக்கும் கொக்குக்கும் நைலான் வலை கட்டுங்கள்.

புது மீனை நேரே குளத்தில் சேர்க்காதீர்கள். 500 லிட்டர் தொட்டியில் மூன்று வாரம் தனியே வைத்து, ஒன்றரைக் கிலோ தூத்துக்குடிக் கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுங்கள். மீன் அடைத்த பை வந்ததும் கட்டை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போன பிறகு திறக்கவும். மீன் பெருத்து இடம் போதாமல் போனால் வளர்க்கிறவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தாமிரபரணியில் விட வேண்டாம். அடிச்சேற்றைக் கிளறி உள்ளூர் மீனுக்கு வாழ வழியில்லாமல் செய்துவிடும்.