மொட்டைத் தின்ற மான்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு முன்றிலில் ஜூனில் டேலில்லி என்ற பூச்செடி மொட்டுவிட்டது. மறுநாள் விடிந்து பார்த்தால் வெறும் காம்புகள். மனசே ஆறவில்லை. முயல் என்றுதான் நினைத்தேன். முயல் கடித்தால் கத்தியால் சீவியதுபோல் இருக்கும். இங்கே நார்நாராகக் கிழிந்திருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, பிடுங்கித்தான் தின்னும்.

வெள்ளைவால் மான் 7 அடி வேலியையும் தாண்டும். அதனால் முட்டையைத் தண்ணீரில் அடித்து, வடிகட்டித் தெளித்தேன். அந்த வாடை அதற்கு ஆகாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி தெளிக்க வேண்டும், அலுக்கக் கூடாது.

அக்டோபரில் வெளிவரிசையில் வெங்காய இனப் பூச்செடியான அல்லியத்தின் கிழங்கும் பியோனி என்ற பூச்செடியும் வைத்தேன். இரண்டையும் மான் அதிகம் தீண்டாது. மே கடைசியில் பூத்தன. போன வாரம் குட்டியோடு வந்த தாய்மான் பியோனியை மோந்துவிட்டு நடந்தது. டேலில்லி மொட்டு அப்படியே இருக்கிறது.