குழந்தை வாசிக்கத் திணறினால்: டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக்கு எப்படித் தயாராவது

வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்கிற குழந்தை, புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் ஒரு வரி தாண்டத் திணறுகிறதா? சோம்பேறி, கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால் டிஸ்லெக்சியாவாக இருக்குமோ என்று ஒருமுறை யோசியுங்கள்.

இது அறிவுக் குறைவும் இல்லை, கண் கோளாறும் இல்லை. பேச்சில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று சட்டென்று பொருத்துவதில் வரும் சிரமம். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால், அப்பாவோ அம்மாவோ மாமாவோ சின்ன வயதில் வாசிக்கக் கஷ்டப்பட்டிருந்தால் மதிப்பிடுபவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

எழுத்தைத் திருப்பிப் போட்டாலே டிஸ்லெக்சியா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆறேழு வயது வரை நிறையக் குழந்தைகள் அப்படி எழுதும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: பல்லி, பந்து, மாடு மூன்றில் வேறு ஒலியில் தொடங்குவது எது என்று கேட்டால் விழிப்பது, நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தெரிவது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை விதவிதமாக எழுதுவது. தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. இங்கே எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் தடுமாறும்தான், ஆனால் கூடப் படிப்பவர்கள் தாண்டிப் போன பிறகும் உங்கள் குழந்தை அங்கேயே நின்றால் காத்திருக்காதீர்கள்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடத் தகுதி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். போகும்போது பழைய நோட்டுகள் (திருத்தாமல், அழிக்காமல்), ஆசிரியரின் குறிப்பு, குழந்தை எப்போது பேசத் தொடங்கியது என்ற விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டில் பயிற்சி கொடுத்து அழைத்துப் போகாதீர்கள், உண்மை நிலை தெரியாமல் போய்விடும். "இதில் மார்க் கிடையாது, உனக்கு எது கஷ்டம் என்று பார்க்கப் போகிறோம்" என்று குழந்தையிடம் சொன்னால் போதும்.

அங்கே ஒலிகளைப் பிரிக்கச் சொல்வார்கள், எழுத்துகளின் பெயர்களை வேகமாகச் சொல்லச் சொல்வார்கள், 'தபுகி' மாதிரி அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். ஏனென்றால் மனப்பாடம் அங்கே உதவாது. எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிகிறதா என்பது அப்படியே தெரிந்துவிடும். மதிப்பீட்டின் பெரிய பலன் இதுதான் என்பேன். ஒரே மார்க் வாங்கும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு எழுத்தையே கூட்டத் தெரியாது, இன்னொன்று கடகடவென்று வாசிக்கும் ஆனால் படித்தது புரியாது. இருவருக்கும் ஒரே டியூஷன் வைத்தால் யாருக்கும் உதவாது. கவனக் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

ரிப்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தடை எங்கே இருக்கிறது, எந்த முறையில் சொல்லித்தர வேண்டும், வாரத்துக்கு எத்தனை முறை, பள்ளியில் என்ன சலுகை கேட்கலாம் என்று உட்கார்ந்து கேளுங்கள். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, நேரடியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பயிற்சிதான் பலன் தருகிறது. கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது விற்க வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள், அவை டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்கத் தாமதமானாலும் உதவியைத் தள்ளிப்போட வேண்டாம். பாடத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் சொல்ல விடுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் நாளைக்கே போய்ப் பேசுங்கள்.