நைட்ரஜன் சுழற்சியில் பாக்டீரியா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் இரு அணுக்களையும் இணைக்கும் முப்பிணைப்பு மிக வலுவானது என்பதால், பயிர்கள் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. ஆகவே, பயறு வகைத் தாவரங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே உறிஞ்சுகின்றன என்று எழுதுவது தவறு. அதை அம்மோனியாவாக மாற்றுவது வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவே. தாவரம் அதற்கு உணவளித்து, பதிலுக்கு நைட்ரஜனைப் பெறுகிறது. முடிச்சு இருந்தாலே இப்பணி நடக்கிறது என்றும் கொள்ளக்கூடாது. இம்மாற்றத்தைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். முடிச்சிலுள்ள லெக்ஹீமோகுளோபின் என்னும் சிவப்பு நிறப் புரதம் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அந்நொதியைக் காக்கிறது. அதனால்தான் செயல்படும் முடிச்சை வெட்டினால் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அதிலிருந்து பயிருக்குப் பெரிதாகப் பயன் கிடைப்பதில்லை. மண்ணில் நைட்ரேட் உரம் மிகுந்தாலும் முடிச்சுகள் குறைந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மாணவர்களின் விடைகளில் ஆழமாக வேரூன்றிய பிழை, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜன் நிலைநிறுத்தத்தையும், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரேட்டாதலையும் ஒன்றெனக் கருதுவதாகும். நைட்ரேட்டாதலைத் தொடங்கும் நைட்ரோசோமோனாஸ் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தொடுவதே இல்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றித் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது. அந்த நைட்ரைட்டை நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரேட்டாக்குகின்றன. இவ்விரு படிகளையும் எப்போதும் வெவ்வேறு உயிரிகளே செய்கின்றன என்ற பழைய கூற்றையும் இன்று திருத்தியே சொல்ல வேண்டும். நைட்ரோஸ்பைரா இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் இரண்டையும் தாமே முடிக்கின்றன என்பது 2015இல் வெளியானது. ஆர்க்கியா எனப்படும், பாக்டீரியா அல்லாத ஒற்றைச் செல் நுண்ணுயிரிகளும் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன.

நைட்ரேட்டை வாயுவாக்கி மண்ணிலிருந்து வெளியேற்றும் பாக்டீரியாக்களைத் தீயவை என ஒதுக்குவது நியாயமன்று. நீர் தேங்கி ஆக்சிஜன் குறைந்த மண்ணில், சூடோமோனாஸ் இனத்தின் சில வகைகள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, நைட்ரஜன் வாயுவை வெளிவிடுகின்றன. உரமிட்ட வயலுக்கு இது இழப்புதான். ஆயினும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இதே செயலைக் கொண்டுதான் நீரிலுள்ள நைட்ரேட்டை நீக்குகிறார்கள். இதன் விளைபொருள் எப்போதும் நைட்ரஜன் வாயு மட்டுமே என்று எழுதிவிடவும் கூடாது: வினை பாதியில் நின்றால், கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வலிமையான பசுமை இல்ல வாயுவாகிய நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுகிறது.