வீட்ல ஒருத்தர போலீஸ் அரெஸ்ட் பண்ணிட்டா நாம வெளிய இருந்து பண்ற தப்புங்க

என் தம்பிய ஒரு தெருச் சண்டை கேஸ்ல ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனாங்க, அவன் ஃப்ரெண்ட் போன் பண்ணி சொன்னப்ப வீட்ல எல்லாரும் எந்திரிச்சு உக்காந்துட்டோம், அம்மா அழ ஆரம்பிச்சாங்க, சித்தப்பா உடனே சட்டைய மாட்டிட்டு ஊர்ல கொஞ்சம் செல்வாக்கா இருக்குற ஒருத்தர் வீட்டுக்கு ஓடுனாரு. ஒரு வக்கீலுக்கு போன் போடணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. மறுநாள் மதியம் வக்கீல் கிடைச்சு கோர்ட்டுக்கு போறதுக்குள்ள அவன ரிமாண்ட் பண்ணி, அதாவது ஜெயில்ல வைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வாங்கி, வேன்ல ஏத்திட்டாங்க. அந்த ரெண்டு நாள்ல நாங்க பண்ண தப்ப சரி பண்ண பல மாசம் ஆச்சு. உள்ள இருக்குறவங்களால அந்த நேரத்துல எதுவும் பண்ண முடியாது, எல்லாமே வெளிய இருக்குற நம்ம கைலதான் இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன். தமிழ்நாட்டு நடைமுறைய வச்சுதான் சொல்றேன்.

முதல் தப்பு, "சும்மா விசாரணைதான், காலைல அனுப்பிருவோம்"னு ஸ்டேஷன்ல சொல்றத நம்பி வீட்டுக்கு திரும்பி வந்துடறது. விசாரணைனு சொல்லி ஒருத்தர வீட்டுக்கு போக விடாம உக்கார வச்சிருந்தா அதுவும் காவல்தான். அரெஸ்ட் பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்னு அரசியலமைப்பு 22வது பிரிவே சொல்லுது, பயண நேரத்த மட்டும் அதுல கழிச்சுக்கலாம். ஆனா பேப்பர்ல அரெஸ்ட் நேரம் எப்ப போடறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு, ராத்திரி பத்தரைக்கு புடிச்சுட்டு மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்ட்ல வச்சு புடிச்சோம்னு எழுதுனா அந்த ராத்திரி கணக்குலயே வராது. அதனால எத்தன மணிக்கு, எந்த இடத்துல, யார் வந்து கூட்டிட்டுப் போனாங்க, பக்கத்துல யார் பாத்தாங்கன்னு உடனே எழுதி வைங்க. அதையே எஸ்பி ஆபீஸுக்கோ கமிஷனர் ஆபீஸுக்கோ ஈமெயில் அனுப்புங்க, 100க்கோ 112க்கோ ஒரு கால் பண்ணி வைங்க. நீங்க சொல்ற நேரத்துக்கு பின்னாடி ஆதாரமா இருக்கப்போறது அந்த மெயில்லயும் கால்லயும் பதிவான நேரம்தான். ஸ்டேஷன் சிசிடிவியும் முக்கியம், எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருக்கு, அந்தப் பதிவ அழியாம வைக்கச் சொல்லி கோர்ட்ல மனு போட முடியுமான்னு வக்கீல முதல் நாளே கேளுங்க.

பொம்பளைங்கள பொழுது சாஞ்சதுக்கு அப்புறம், விடியறதுக்கு முன்னாடி அரெஸ்ட் பண்ணக்கூடாது, ரொம்ப அவசியம்னா பெண் போலீஸ் வரணும், மாஜிஸ்ட்ரேட்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இதுவும் நிறைய வீட்ல தெரியாது.

2024 ஜூலை 1ல இருந்து சட்டமே மாறிடுச்சு, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனைன்னு சொல்ற ஐபிசி போய் பிஎன்எஸ், அரெஸ்ட், ஜாமீன் நடைமுறைய சொல்ற சிஆர்பிசி போய் பிஎன்எஸ்எஸ் வந்துருச்சு. எஃப்ஐஆர்ல இருக்குற நம்பர பழைய ஞாபகத்துல படிச்சு பயந்துடாதீங்க, இல்ல அலட்சியமாவும் விட்டுடாதீங்க. பழைய 302 கொலை இப்ப 103, பழைய 307 கொலை முயற்சி இப்ப 109, ஏமாத்துறதுக்கு இருந்த 420 இப்ப 318. எஃப்ஐஆர் காப்பிய தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே எடுக்கலாம், பாலியல் வழக்கு மாதிரி சிலத மட்டும்தான் போட மாட்டாங்க. அந்தக் காப்பி கைல இல்லாம வக்கீல பாக்கப் போறது எக்ஸ்ரே இல்லாம எலும்பு டாக்டர பாக்கப் போற மாதிரி.

அடுத்தது கையெழுத்து. எங்க சித்தப்பா ஸ்டேஷன்ல ரைட்டர் நீட்டுன நாலஞ்சு பேப்பர்ல படிக்காமலே கையெழுத்து போட்டாரு, அதுல ஒண்ணு அரெஸ்ட் மெமோ, எப்ப அரெஸ்ட் பண்ணாங்கன்னு எழுதுற பேப்பர், அதுல மறுநாள் காலை நேரம்தான் இருந்துச்சு. அந்த மெமோவுல குடும்பத்து ஆளோ, அந்தப் பகுதி ஆளோ சாட்சி கையெழுத்து போடணும்னு 1996ல டி.கே. பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, இப்ப சட்டத்துலயே இருக்கு, அது நம்ம பாதுகாப்புக்காக வச்ச விஷயம், நாமளே தப்பான நேரத்துக்கு சாட்சி ஆகிடக்கூடாது. நேரம் தப்பா இருந்தா "நேரம் தவறு, இத்தன மணிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்"னு பக்கத்துல எழுதிட்டு கையெழுத்து போடுங்க. வெத்துப் பேப்பர்ல யார் கேட்டாலும் போடாதீங்க, நம்ம வக்கீல் ஆபீஸ்ல கேட்டாலும் என்னத்துக்குன்னு ஒரு வார்த்த கேளுங்க.

எதுக்கு அரெஸ்ட் பண்றாங்கங்கற காரணத்த எழுத்துல, அவருக்கு புரியற மொழில குடுக்கணும், ரிமாண்டுக்கு நிறுத்தறதுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது குடுத்திருக்கணும்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் எல்லா வகைக் குற்றத்துக்கும் சேத்து சொல்லிருக்கு. "எழுத்துல குடுத்தாங்களா?"ன்னு வக்கீல கேக்கச் சொல்லுங்க, ரிமாண்டையே எதிர்க்குறதுக்கு அது ஒரு பாயிண்ட்.

உள்ள இருக்குறவரு பண்ற பெரிய தப்பு பேசிட்டே இருக்கறது. "நடந்தத சொல்லிட்டா விட்டுருவோம் தம்பி"ன்னு சொன்னதும் என் தம்பி தான் பண்ணது, பண்ணாதது, ஃப்ரெண்ட் பண்ணதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டான். போலீஸ்கிட்ட குடுக்குற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, அது உண்மைதான், ஆனா அத நம்பி அசால்ட்டா இருக்கக்கூடாது, ஏன்னா அந்த வாக்குமூலத்துல சொன்னத வச்சு ஒரு பொருள எடுத்தா, அந்தப் பொருள் கிடைக்கறதுக்கு காரணமான பகுதி மட்டும் சாட்சியமா வந்துரும், ரெக்கவரினு சொல்றது அதத்தான். பேரு, அட்ரஸ் கேட்டா சொல்லணும், உடம்புல என்ன நோவு, என்ன மாத்திரை சாப்பிடறோம்னும் சொல்லணும். சம்பவத்த பத்தி கேட்டா "எங்க வக்கீல பாத்துட்டு சொல்றேன் சார்"னு மரியாதையா சொல்லலாம், தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விசாரணை நடக்கறப்ப வக்கீல சந்திக்கவும் உரிமை இருக்கு, விசாரணை முழுக்க கூட உக்கார முடியாது, அவ்ளோதான்.

அடிச்சிருந்தா மறைக்காதீங்க. இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். மெடிக்கல் செக்கப்புக்கு ஜி.ஹெச்.க்கு கூட்டிட்டுப் போறப்ப டாக்டர்கிட்டயும், அப்புறம் மாஜிஸ்ட்ரேட்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லணும், "போலீஸ் அடிச்சாங்களா?"ன்னு மாஜிஸ்ட்ரேட் கேப்பாங்க, பக்கத்துலயே போலீஸ் நிக்குறாங்கன்னு பயந்து இல்லன்னு சொல்லிட்டா அது அப்படியே பதிவாகிடும். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் காவல்ல அடிபட்ட ஜெயராஜ், அவரு மகன் பென்னிக்ஸ் ரெண்டு பேரும் டாக்டர் சர்டிஃபிகேட், ரிமாண்ட் உத்தரவு எல்லாம் முடிஞ்சு கோவில்பட்டி கிளைச் சிறைக்கு போனதுக்கு அப்புறம்தான் அடுத்தடுத்து இறந்தாங்க. அதனால டாக்டர், மாஜிஸ்ட்ரேட் இந்த ரெண்டு இடத்தையும் வெறும் சடங்குன்னு நினைச்சு யாரும் தாண்டிப் போயிடக்கூடாது. கோர்ட் வாசல்ல ஒரு நிமிஷம் கிடைச்சா வீட்டு ஆளுங்க இதத்தான் காதுல சொல்லணும்.

இப்ப வக்கீல். ஸ்டேஷன்லயே ஒருத்தர் "இவர பாருங்க, சீக்கிரம் முடிச்சுக் குடுப்பாரு"ன்னு நம்பர் குடுப்பாரு, கோர்ட் காம்பவுண்ட்ல ஒரு புரோக்கர் வந்து ஒட்டிக்குவாரு, நெட்ல தேடுனா நம்பர் ஒன் கிரிமினல் லாயர்னு விளம்பரம் வரும். வக்கீல் தொழில்ல விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு, 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட்டும் ஆன்லைன் விளம்பரங்க மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு, அதனால விளம்பரத்த பாத்து முடிவு எடுக்காதீங்க. எந்த கோர்ட்ல கேஸ் இருக்கோ அந்த கோர்ட்ல தினமும் நிக்குற கிரிமினல் வக்கீல் யாருன்னு ரெண்டு மூணு இடத்துல விசாரிங்க. சொத்து பத்திரம் பாத்துக் குடுத்த குடும்ப வக்கீல் நல்லவரா இருக்கலாம், ஆனா கொலை முயற்சி கேஸுக்கு அவரு வேண்டாம்.

அவர்கிட்ட கேக்க வேண்டியத கூச்சப்படாம கேளுங்க. நீங்களே வந்து நிப்பீங்களா ஜூனியர் வருவாங்களா, இந்த ஃபீஸ் ஜாமீனுக்கு மட்டுமா இல்ல கடைசி வரைக்குமா, கீழ்க் கோர்ட்ல தள்ளுபடி ஆனா செஷன்ஸுக்கும் ஹைகோர்ட்டுக்கும் தனி ஃபீஸா. நாங்க இதக் கேக்கல, மொத்தமா பேசுனதா நாங்க நினைச்சோம், ஜாமீனுக்கு மட்டும்னு அவரு நினைச்சாரு, அதுல வந்த மனஸ்தாபத்துல ஒரு மாசம் வீணா போச்சு. "நூறு சதவீதம் நாளைக்கே வெளிய எடுத்துடறேன்"னு சொல்றவர்கிட்டயும், "மேல கொஞ்சம் கவனிக்கணும்"னு ஜட்ஜ் பேரச் சொல்லி பணம் கேக்குறவர்கிட்டயும் இருந்து எந்திரிச்சு வந்துருங்க. அந்தப் பணம் எங்கயும் போகாது, அவரு பாக்கெட்டுக்குத்தான் போகும், மாட்டுனா உங்க மேலயும் கேஸ் வரும். வக்கீல மாத்தணும்னா மாத்தலாம், ஃபீஸ் பாக்கின்னு சொல்லி கேஸ் கட்ட புடிச்சு வச்சுக்க அவருக்கு உரிமை இல்லன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு.

பணமே இல்லன்னா வட்டிக்கு வாங்கி ஓடறதுக்கு முன்னாடி இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணுங்க. காவல்ல இருக்குற யாருக்கும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச சட்ட உதவி கிடைக்கும், 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல அப்படித்தான் இருக்கு. பெண்கள், எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு மாவட்ட கோர்ட் வளாகத்துலயும் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். இலவசம்னா ஏனோதானோன்னு இருக்கும்னு நாங்களும் நினைச்சோம், எங்க தம்பி கூட உள்ள இருந்த ஒரு பையன அந்த வக்கீல்தான் எங்களுக்கு முன்னாடியே வெளிய எடுத்தாங்க.

வக்கீல்கிட்ட பொய் சொல்லாதீங்க. அவர்கிட்ட சொன்னத அவரு வெளிய சொல்லக்கூடாதுன்னு சட்டமே பாதுகாப்பு குடுக்குது. தம்பி கைல கட்டை இருந்துச்சுங்கறத அம்மா மறைச்சுட்டாங்க, ஜாமீன் மனு நடக்கறப்ப அரசு வக்கீல் வீடியோ இருக்குன்னு சொன்னதும் எங்க வக்கீல் திரும்பி எங்கள பாத்தாரு, அந்த மனு அன்னைக்கே தள்ளுபடி.

ஜாமீன் விஷயத்துல நாள் கணக்கு ரொம்ப முக்கியம். ரிமாண்ட் பண்ண நாளையும் சேத்து எண்ணி 60 நாள்ல, பத்து வருஷமோ அதுக்கு மேலயோ, ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய குற்றம்னா 90 நாள்ல, குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணலன்னா ஜாமீன் உரிமையாவே கிடைக்கும். ஆனா அது தானா வராது, குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி மனு போட்டிருக்கணும், ஒரு நாள் அசந்தாலும் போச்சு. காலண்டர்ல சுத்தி வைங்க, வக்கீலுக்கு பத்து நாள் முன்னாடியே ஞாபகப்படுத்துங்க. இன்னொண்ணு, ஜாமீன் வர்ற நேரத்துல குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், போட்டா அது தனி விஷயம், தமிழ்நாட்டோட அந்த 1982 சட்டப்படி ஒரு வருஷம் வரைக்கும் வைக்கலாம், அதுக்கு ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடணும், ஜாமீன் வக்கீல திட்டி பிரயோஜனம் இல்ல.

ஜாமீன் கிடைச்சதும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கறதும் தப்பு. ஜாமீன்தாரர் ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும்னு கேப்பாங்க, அவங்க ஆதார், சொத்து வரி ரசீது இதெல்லாம் ரெடியா இல்லன்னா உத்தரவு கைல இருந்தும் உள்ளயே இருக்கணும். கோர்ட் வாசல்ல காசுக்கு ஜாமீன் போட வர்ற ஆளுங்கள நம்பாதீங்க, ஆவணம் போலின்னு தெரிஞ்சா ஜாமீனும் போய் புது கேஸும் வரும். நிஜமாவே ஆள் கிடைக்கலன்னா, ஒரு மாசத்துக்குள்ள ஜாமீன் பத்திரம் குடுக்க முடியாதவங்களுக்கு நிபந்தனைய தளர்த்தறத கோர்ட் தானாவே பரிசீலிக்கலாம்னு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அத வச்சு மனு போடலாம்.

கண்டிஷன் கையெழுத்துன்னா தினமும் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல போய் கையெழுத்து போடணும், கல்யாணம், காய்ச்சல்னு ஒரு நாள் விட்டாலும் ஜாமீன ரத்து பண்ணச் சொல்லி மனு போட வாய்ப்பு இருக்கு. போக முடியாதுன்னா முன்கூட்டியே வக்கீல்கிட்ட சொல்லுங்க, கொஞ்ச நாள் ஒழுங்கா போட்டுட்டு கண்டிஷன் ரிலாக்ஸ் மனு போடலாம். புகார் குடுத்தவங்க வீட்டுக்கு சமாதானம் பேச நேரா போயிடாதீங்க, நீங்க கையெடுத்துக் கும்பிட்டாலும் சாட்சிய மிரட்டுனதா எழுதுவாங்க, ராஜி பேசறதுன்னா ரெண்டு பக்க வக்கீல் வழியா பேசுங்க. பொய் கேஸ்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடறது, பயத்துல பழைய சாட், வீடியோவ அழிக்கறது ரெண்டும் வேண்டாம், ஆதாரத்த அழிச்சா அதுவே தனிக் குற்றம்.

அப்புறம் வாய்தா. குற்றப்பத்திரிகை காப்பிய குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமா குடுக்கணும், வாங்கி வீட்ல ஒரு செட் வைங்க. ஈகோர்ட்ஸ் ஆப்ல கேஸோட சிஎன்ஆர் நம்பர (ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட் குடுக்குற தனி நம்பர்) போட்டா அடுத்த தேதி வரும், வக்கீல் குமாஸ்தா சொன்ன தேதியோட அதையும் ஒரு தடவ ஒத்துப் பாருங்க. ஒரு வாய்தாவுக்கு போகாம, மனுவும் போடாம விட்டா பிடிவாரண்ட் வரும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு தேதி மாறிப்போச்சு, தம்பி வேலைக்கு போன இடத்துலயே போலீஸ் வந்து நின்னாங்க, மறுபடியும் அதே கோர்ட், வாரண்ட திரும்பப் பெறச் சொல்ற ரீகால் மனு, அதே அழுகை. அதுல இருந்து அம்மா சமையல்கட்டு காலண்டர்ல அவங்களே வாய்தா தேதிய எழுதி வைக்கிறாங்க.