கொழுப்பைக் கரைக்கும் பெப்டைடா? ஊசியை எடுக்குமுன் இதையெல்லாம் பாருங்கள்

ஜிம்மில் யாராவது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டி "இதைப் போட்டால் தொப்பை போய்விடும்" என்றால், முதலில் அதன் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி, இன்சுலினும் அந்த வகைதான், அதனால் "பெப்டைடு நல்லதா, கெட்டதா" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. பெயர் தெரிந்தால்தான் மனிதர்களிடம் அதை எதுவரை சோதித்தார்கள் என்று தேட முடியும். பெயரையே சொல்லத் தயங்குகிறார் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. பசியை அடக்குவது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது எல்லாம் அதன் வேலை, ஆனால் ஓரிரு நிமிடங்களில் அது சிதைந்துவிடும். அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்துதான் செமாக்ளூடைடு. அதில் ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டி, ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள், அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதுகிறது. 68 வாரச் சோதனையில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். இது அங்கீகாரம் பெற்ற மருந்து. டாக்டர் சீட்டோடு மருந்துக்கடையில் கிடைக்கும்.

சிக்கல் அங்கீகாரம் வருமுன்பே வெளியே விற்பனைக்கு வந்துவிடுகிற சரக்கில்தான். ரெடாட்ரூடைடு என்ற பெப்டைடை எடுத்துக்கொள்வோம். ஜிஎல்பி-1, ஜிஐபி, குளுக்ககான் என்ற மூன்று ஹார்மோன்களும் செல்களில் போய் ஒட்டும் ஏற்பிகளை ஒரே சமயத்தில் தூண்டுவது. 2023இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் 338 பேர் கலந்துகொண்டார்கள், அதிக அளவு எடுத்தவர்களுக்கு 48 வாரத்தில் சராசரியாக 24.2 சதவீதம் எடை குறைந்தது. பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே சோதனையில் அளவு கூடக் கூட இதயத் துடிப்பும் கூடியது. அந்த 338 பேரையும் டாக்டர்கள் கண்காணித்தார்கள், வீட்டில் தனியாகப் போட்டுக்கொள்பவரை யார் கண்காணிப்பது?

ஏஓடி-9604 என்ற பெப்டைடின் கதை வேறு. வளர்ச்சி ஹார்மோனின் கடைசித் துண்டை எடுத்து ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். எலிகளில் நன்றாக வேலை செய்தது. பிறகு 500க்கும் மேற்பட்டவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்து 24 வாரம் பார்த்தார்கள், சொல்லும்படியாக எடை குறையவில்லை, 2007இல் எடை குறைப்புக்கான முயற்சியைக் கைவிட்டார்கள். இன்றும் அதே பெயரில் குப்பி விற்கிறார்கள். "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரியைக் கண்டால், மனிதர்களிடம் என்ன ஆயிற்று என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

சரி, குப்பிக்கு வருவோம். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கும். விற்பவர் சட்டத்திலிருந்து தப்பிக்க எழுதி வைத்த வரி அது. கூடவே 99 சதவீதத் தூய்மை என்று ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். அந்தச் சோதனை அந்தப் பெப்டைடோடு கலந்திருக்கிற வேறு பெப்டைடுத் துண்டுகள் எவ்வளவு என்று சொல்லும். கிருமி இருக்கிறதா, பாக்டீரியா விட்டுச்சென்ற எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறதா என்பதை அது சொல்லவே சொல்லாது. எண்டோடாக்சின் உடம்பில் ஏறினால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும், சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அப்புறம், அந்தச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும் குப்பிக்கு உரியதுதானா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அளவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 10 மி.கி. பவுடரை 1 மி.லி. தண்ணீரில் கரைத்து, 1 மி.லி.க்கு 100 யூனிட் என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் 20 யூனிட் எடுத்தால் 2 மி.கி. உள்ளே போகும். அதையே 2 மி.லி.யில் கரைத்திருந்தால் அதே 20 யூனிட்டில் 1 மி.கி.தான். ஆக, நண்பர் "நான் 20 போடுகிறேன்" என்று சொல்வதில் ஒரு அர்த்தமும் இல்லை. மருந்தகங்கள் கலந்து கொடுத்த செமாக்ளூடைடிலேயே சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாகப் போட்டுக்கொண்டதாக 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? நிறுத்திவிட்டு, குப்பியை எறியாமல் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம், வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இந்த மூன்றில் எதற்கும் காலை வரை காத்திருக்காதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரைப்பையில் உணவு தங்கியிருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.